பந்து இல்லாத ஆட்டம்

ஜூன் 16, திங்கள்

எழுத உட்கார்ந்ததற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு மேல் யாரும் எதையும் எழுதியதில்லை. அப்படியிருக்க நான் மட்டும் என் நாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் பேச வேண்டிய இடங்களில் நான் பேசுவதில்லை. பேசாமல் விட்டதெல்லாம் சாயங்காலம் தொண்டையில் வந்து நிற்கிறது. அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

சாத்தூரிலிருந்து பங்குனியில் சென்னைக்கு வந்தேன். சாலிகிராமத்தில், பழைய படங்களைச் சுத்தம் செய்யும் நிறுவனத்தில் வேலை. பழைய படச்சுருளை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். நாங்கள் ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்துத் தூசி, கீறல், பூஞ்சைக் கறை எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். அப்பாவுக்கு இதைப் போனில் விளக்கியபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பி.எஸ்சி. படிச்சுப்புட்டுத் தூசி தொடைக்கிறியாத்தா? நம்ம வீட்டுலயே அது மூட்டை மூட்டையாக் கெடக்கே!"

ஆனால் தான் வண்டி ஓட்டும் மினிடோர் ஸ்டாண்டில் எல்லாரிடமும் மகள் சினிமாக் கம்பெனியில் ஆபீசர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்.

இன்று ஒரு புது வேலையின் கடைசிக் கட்டம் என்னிடம் வந்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊரின் நூலகம் அனுப்பிய படம். 1911-இல் எடுத்தது. ஒரு பேஸ்பால் ஆட்டம். சம்பளத்துக்கு ஆடும் ஆட்டக்காரர்களாம். சுத்தம் செய்து முடித்துவிட்டார்கள். எங்காவது கீறல் மிச்சமிருக்கிறதா என்று மட்டும் நான் பார்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

ஆட்டம் ஒன்றும் புரியவில்லை. ஆனால் பார்க்க நன்றாக இருக்கிறது. கூட்டத்தில் தொப்பி போடாத ஆண் ஒருவர்கூட இல்லை. மைதானத்தின் ஓரத்தில் ஒரு கயிறு கட்டி, அதற்குப் பின்னால் புல்லிலேயே ஜனங்கள் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் குதிரை வண்டிகள். ஒருவர் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு எதையோ அறிவிக்கிறார். மௌனப் படம் என்பதால் என்ன அறிவித்தார் என்று இனி யாருக்கும் தெரியாது.

பக்கத்து நாற்காலி அப்சல் அண்ணன் ராயப்பேட்டைக்காரர். ஞாயிறுதோறும் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடுகிறவர். எட்டிப் பார்த்துவிட்டுக் கொதித்துப் போனார்.

"இன்னா சிஸ்டர் இது? அடிச்சதும் பேட்டைத் தூக்கிக் கடாசிட்டு ஓடுறான்! எங்க ஏரியால இப்படி ஓடுனா டீமே கிழி கிழின்னு கிழிச்சுரும்."

"பந்தே தெரியலையேண்ணே" என்றேன்.

"அந்தக் காலத்துக் கேமரா. அதுக்குப் பந்தெல்லாம் எங்க தெரியப்போவுது?"

சரி என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 18, புதன்

காலையில் ஹாஸ்டலில் உப்புமா. அக்கா தன் பங்கையும் என் தட்டில் தள்ளிவிட்டார்.

அக்காவைப் பற்றி எழுத வேண்டும். ஜெயசீலி அக்காவுக்குக் குளச்சல். எங்கள் பிரிவின் தலைவி. ஹாஸ்டலில் என் அறைத் தோழியும் அவர்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். அக்காதான் வந்து, "ஏ பிள்ளே, தண்ணிக்குக் காவலாக்கும்?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எது தூசி, எது கறை, எது படத்திலேயே இருப்பது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அவர். ராத்திரி என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே மகனைப் பற்றிப் பேசுவார். மகன் அக்காவின் அம்மாவோடு ஊரில் இருக்கிறான். ஆவணியில் புதிதாகத் தொடங்கும் பிரிவுக்கு அக்காவைத்தான் தலைமையாகப் போடப்போகிறார்களாம். அது கிடைத்தால் தனி வீடு பிடித்து மகனைக் கூட்டிக்கொள்ளலாம். இந்தப் பேஸ்பால் படம் ஒழுங்காகப் போனால் போதும் என்று எங்கள் மேனேஜர் வரதன் சார் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 19, வியாழன்

அமெரிக்காவில் இன்று ஏதோ விடுமுறையாம், நூலகம் திங்கள்தான் திறக்குமாம். அனுப்ப வேண்டிய நாள் அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போனது. துவைத்த துணி காயவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஒன்றைப் பார்த்தேன்.

கூட்டத்தில் எல்லாத் தொப்பிகளும் ஒரே நேரத்தில் நிமிர்கின்றன. மெதுவாக இடப்பக்கம் திரும்புகின்றன. பிறகு ஒரே நேரத்தில் தாழ்கின்றன. கோயில் கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிடும்போது ஜனங்கள் அண்ணாந்து பார்ப்பார்களே, அப்படி. ஆனால் மேலே ஒன்றும் இல்லை. வெறும் சாம்பல் நிற வானம். ஒரு தூசிகூட இல்லை.

ஒரு ஆட்டக்காரர் கைகளைக் குவித்துக்கொண்டு ஓடி வருகிறார். குவித்த கையை மூடுகிறார். ஜனங்கள் குதிக்கிறார்கள். அவர் எதையோ எறிகிறார். இன்னொருவர் எதையோ வாங்குகிறார். யார் கையிலிருந்தும் எதுவும் புறப்படவில்லை.

கேமராவுக்குத் தெரியாது என்றால் கூட்டத்தில் ஒருவர் தொப்பியில் செருகியிருக்கும் சீட்டு எப்படித் தெரிகிறது? அது பந்தைவிடச் சின்னது.

ஜூன் 22, ஞாயிறு

மொட்டை மாடியில் துணி உலர்த்தினேன். பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தை மேலே எறிந்து போனில் படம் பிடித்தேன். வார்டன் அம்மா வந்து, "என்னடி, மாந்திரீகம் பண்றியா? நாளைக்கு எலுமிச்சைச் சாதத்துக்கு வெச்சிருந்தது அது" என்று பிடுங்கிக்கொண்டு போனார். அதற்குள் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். ஒவ்வொரு ஃபிரேமிலும் பழம் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு இடத்தில் ஒரே ஒரு ஃபிரேமில்தான் இருக்கிறது. முந்தையதிலும் அங்கே இல்லை, அடுத்ததிலும் இல்லை.

எங்கள் மென்பொருள் தூசியைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். முன்னும் பின்னும் இல்லாமல் ஒரே ஃபிரேமில் மட்டும் ஒரு புள்ளி இருந்தால், அது தூசி. அதை ‘ஆட்டோ’ முறையில் போட்டுவிட்டால் தானே தேடித் தேடி அழித்துவிடும்.

பந்தைத் தூசி என்று நினைத்து அழித்துவிட்டோம். ஆட்டம் முழுவதும்.

ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பு இறங்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். வேலை தொடங்கும் முன் நான் பழகிக்கொள்வதற்காக அக்கா கொடுத்த சின்னத் துண்டு ஒன்று என் கம்ப்யூட்டரில் இருந்தது. சுத்தம் செய்யாதது, மங்கலானது. போட்டுப் பார்த்தேன். தூசி மழையாகப் பெய்கிறது. அதற்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மற்றவற்றைப் போலச் சிதறாமல், ஒரு வளைவில் ஒழுங்காகப் போய், ஒரு ஆட்டக்காரரின் கையில் இறங்குகிறது.

எவ்வளவு அழகாக இறங்குகிறது.

பிறகுதான் இது யார் செய்த வேலை என்று நினைத்துப் பார்த்தேன். இந்தப் படத்துக்கு ஆட்டோவை அதிக வேகத்தில் வைத்தது அக்கா. சரி என்று ஒப்புதல் போட்டதும் அக்கா. சர்வரில் இடமில்லை என்று சுத்தம் செய்யாத மூலத்தை அழிக்கச் சொன்னதும் அக்கா. அவர்கள் அனுப்பிய டிஸ்கையும் துடைத்து, சுத்தமான படத்தை அதிலேயே ஏற்றி வைத்திருக்கிறோம். அங்கே இருந்த படச்சுருள் ஸ்கேன் செய்யும்போதே பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டதாம்.

சொன்னால் அக்காவின் வேலை. சொல்லாவிட்டால் அந்தப் பந்து உலகத்தில் எங்கேயும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

சொல்லவில்லை.

அக்காவுக்கு ஊரிலிருந்து நெத்திலிக் கருவாடு வந்தது. வார்டனுக்குத் தெரியாமல் பொரித்து எடுத்து வந்து முதல் துண்டை எனக்கு ஊட்டினார். "எதுக்கு பிள்ளே ரெண்டு நாளா பேயறைஞ்சவ கணக்கா இருக்க? வீட்டுல மாப்பிள்ள கீப்பிள்ள பாக்காவளா?"

"இல்லக்கா."

"பின்ன சவத்த விடு. தின்னு."

தின்றேன்.

ஜூன் 25, புதன்

சொல்லிவிட்டேன். மத்தியானம், சாப்பாட்டு அறையில் யாரும் இல்லாதபோது. மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் வரவில்லை.

"அக்கா, அந்தப் படத்துல பந்து இருந்துச்சுக்கா."

"எந்தப் படத்துல?"

"நம்ம படத்துல. நாமதான் அழிச்சுட்டோம்."

அக்கா சிரிக்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். என் இடத்துக்கு வந்து துண்டைப் பார்த்தார். ஒருமுறை, இன்னொருமுறை. பிறகு சுத்தம் செய்ததைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். அவர் கை மவுசின்மேல் அப்படியே இருந்தது.

"நாம அழிச்சோம்னு ஏன் சொல்லுக?" என்றார். "நான் அழிச்சேன்னு சொல்லு."

"இல்லக்கா, எல்லாரும்தான் பார்த்தோம்…"

"நீ பார்த்தது சரிதான் பிள்ளே. அதான் கஷ்டமா இருக்கு."

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடி எடுத்துக்கொண்டு போனார்.

ஜூன் 26, வியாழன்

வரதன் சாரிடம் அக்காவே போய்ச் சொன்னார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். என் பெயர் வந்தபோது மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

சார் லேபில் படச்சுருளைக் கையால் கழுவிய காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். சத்தம் போடுவார் என்று பயந்தேன். அவர் போடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"பேஸ்பால் படத்துல பந்தையே தொடச்சு அனுப்ப இருந்தோம்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், வேறு யாருக்கோ நடந்ததைப் போல. "ஜெயசீலி, மூலம் டேப்ல ஏறிச்சா?"

சனிக்கிழமைதோறும் சர்வரில் இருப்பதை எல்லாம் டேப்பில் பதிந்து வைப்பது வழக்கம். அழித்தது சனிக்கிழமைக்கு முன்பா, பின்பா என்று அக்காவுக்கு நினைவில்லை. யோசித்து யோசித்து, "தெரியல சார்" என்றார். அந்த வார்த்தையை அக்கா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

டேப்பைப் படிக்கும் மெஷின் பழுதாகி சர்வீசுக்குப் போயிருக்கிறது. திங்கட்கிழமைதான் வரும். சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "டேப்ல இல்லேன்னா, உன்னை இங்க வெச்சுக்க என்னால முடியாதும்மா. முதலாளிகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

அக்கா தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன், எதற்கென்று தெரியாமல்.

ஜூன் 27, வெள்ளி

அக்கா கீழே வேறு அறைக்கு மாறிவிட்டார். இனிமேல் காலை ஆறு மணி ஷிஃப்டாம். விடியற்காலையில் எழுந்து விளக்குப் போட்டால் எனக்குத் தூக்கம் கெடுமாம். நல்லதுதான். எனக்கும் தூக்கம் முக்கியம். அறையில் இப்போது நிறைய இடம் இருக்கிறது. என் துணிகளை இரண்டு அலமாரியிலும் வைக்கலாம். வைக்கவில்லை.

தலைக்கு எண்ணெய் நானே தேய்த்துக்கொண்டேன். பின்பக்கம் எட்டவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

அப்பா போன் செய்தார். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"என்னத்தா, வேலைல ஏதும் கொளறுபடியா?"

"ஒரு பந்தத் தொலைச்சுட்டோம்ப்பா."

"இம்புட்டுத்தானா? வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துர வேண்டியதுதான?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அழுதும்விட்டேன். நான் அழுது முடிக்கும்வரை அவர் போனை வைக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

இருந்தது!

மெஷின் வந்ததும் எல்லாரும் அதைச் சுற்றி நின்றோம். அப்சல் அண்ணன் பல்லைக் கடித்தபடி, "வா மச்சி, வா மச்சி" என்று டேப்பைக் கொஞ்சிக்கொண்டிருந்தார். முதல் டேப்பில் இல்லை. இரண்டாவதில் வேறு எதுவோ ஒரு பக்திப் படம். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா சுவரோடு சாய்ந்து நின்றார், ஏசிக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரின் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு.

மூன்றாவதில் அந்த நூலகத்தின் பெயர் வந்தது. திறந்தோம். தூசி, கீறல், கறை எல்லாம் அப்படியே. அதற்குள் அந்த வெள்ளைப் புள்ளி.

"அடிச்சான் பாரு சிக்ஸரு!" என்று அப்சல் அண்ணன் மேஜைமேல் தட்டினார். பேஸ்பாலில் சிக்சர் கிடையாது என்று யாரும் திருத்தவில்லை.

சார் அக்காவிடம் திரும்பினார். "ஓகே போட்டு அனுப்பச் சொன்னது நானும்தான். நானும் கண்ணை மூடிட்டுத்தான் பார்த்திருக்கேன். போம்மா, போய் முகம் கழுவிட்டு வா." நூலகத்திடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, இரண்டு வாரம் கேட்டிருக்கிறார்.

தூசியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். வெளியே வந்து இரண்டு பஜ்ஜி சாப்பிட்டேன். பிறகு இன்னும் இரண்டு. அக்காவைத் தேடினேன், ஷிஃப்ட் முடிந்து போய்விட்டிருந்தார்.

ஜூலை 3, வியாழன்

பந்து பறக்கும் இடங்களைக் கையால் சுத்தம் செய்யும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா சொல்லித்தான் கொடுத்தார்களாம். என்னிடம் நேரில் சொல்லவில்லை. அப்சல் அண்ணன்தான் வந்து சொன்னார்.

முதலில் எளிது. வெள்ளைப் பந்து. ஆனால் அந்தக் காலத்தில் ஒரே பந்தைத்தான் வைத்து ஆடியிருக்கிறார்கள். மண்ணில் புரண்டு, எச்சில் பட்டு, ஆட்டம் போகப்போக அது கறுத்துக்கொண்டே வருகிறது. கடைசியில் கறைக்கும் பந்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. சந்தேகம் வரும்போது ஆட்டக்காரர்களின் கண்களைப் பார்க்கிறேன். எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்கும் புள்ளியை விட்டுவிட்டு, யாரும் பார்க்காததை அழிக்கிறேன். இதுவரை தப்பவில்லை.

ஜூலை 7, திங்கள்

ஆட்டம் கொஞ்சம் புரிகிறது. அடித்தவர் ஓடி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட வேண்டும். அதற்குத்தான் மதிப்பு. நடுவே எங்காவது மாட்டிக்கொண்டால் இல்லை.

அக்கா காலையில் மாடிப்படியில் எதிரே வந்தார். "சாப்டியா?" என்றார். "சாப்பிட்டேன்கா" என்றேன். அவ்வளவுதான். இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம்.

ஜூலை 11, வெள்ளி

இன்று சின்னத் தியேட்டரில் போட்டோம். அந்த நூலகத்து அம்மாள் வீடியோவில் இருந்தார். அங்கே விடியற்காலை, கையில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஆனால் பெரிய திரையில் அது வேறு. ஒருவர் ஓங்கி அடிக்கிறார். கறுத்த பந்து கூட்டத்துக்கு மேலே ஏறுகிறது. தூரத்தில் நிற்கும் ஆட்டக்காரர் திரும்பி, கயிற்றை நோக்கி ஓடுகிறார். அழித்துவிட்ட படத்தில் அவர் காரணமே இல்லாமல் ஜனங்களுக்குள் பாய்ந்து விழுந்தார். நான்கூட முதல் நாள் அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். இப்போது ஜனங்கள் விலகுகிறார்கள், தொப்பிகள் சிதறுகின்றன, பந்து அவருக்கு முன்னால் இறங்குகிறது, அவர் கயிற்றின்மேல் விழுந்துகொண்டே அதைப் பிடிக்கிறார். எழுந்து கையைத் தூக்கிக் காட்டுகிறார். கையில் இருக்கிறது.

நூலகத்து அம்மாள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: அவர்கள் ஊரில் அந்தப் பிடியைப் பற்றி எல்லாரும் கதையாகக் கேட்டிருக்கிறார்களாம். பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. கயிறு தடுக்கி விழுந்ததைப் பெரிதாக்கிச் சொல்கிறார்கள் என்றுதான் பாதிப் பேர் நினைத்தார்களாம். "அவர் நிஜமாகவே பிடித்திருக்கிறார்" என்று இரண்டு முறை சொன்னார்.

பந்தைக் கவனித்தது யார் என்று கேட்டார். சார் என்னைக் கை காட்டினார். எழுந்து நின்றேன். பின்வரிசையிலிருந்து அக்கா ஆங்கிலத்தில் சொன்னார்: "எங்கள் காளீஸ்வரி. நான் பார்க்காததைப் பார்த்தாள்." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

புதுப் பிரிவு அக்காவுக்குத்தான் என்று சார் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆவணியில்.

ஜூலை 12, சனி

சம்பளத்தில் அப்பாவுக்குச் சட்டை எடுக்கப் போகலாம் என்றிருந்தேன். போகவில்லை. ஹாஸ்டல் வாசலில் அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், மகனோடு போனில் பேசிவிட்டு. கண் ஈரமாக இருந்தது; சந்தோஷ ஈரம்.

"மொவன் கேக்கான், புது வீட்டுல அந்தப் பந்து பிடிச்ச அக்காவும் இருப்பாளான்னு" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவகிட்ட கேக்கணும்னு சொன்னேன்." செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு உன் மேல ஒண்ணும் இல்ல பிள்ளே. உன் மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் அந்தப் படந்தான் ஞாபகம் வந்துது. அதான் கீழ போயிட்டேன். ஷிஃப்டெல்லாம் ஒரு சாக்குதான்."

எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. இவ்வளவு நாளும் படியில், பஸ்ஸில், சாப்பாட்டு அறையில் வாய்வரை வந்து வந்து திரும்பிப் போன ஒன்று இருந்தது. இந்த நாட்குறிப்பில்கூட அதை எழுதாமல்தான் வைத்திருந்தேன். கேட்டுவிட்டேன்.

"அக்கா, வீடெல்லாம் ஆவணிக்குப் பாத்துக்கலாம். உங்க பெட்டிய நான் தூக்கிட்டு வர்றேன். இன்னைக்கே மேல நம்ம ரூமுக்கு வந்துருங்கக்கா."